வாசகர் கேள்வி பதில்: செஞ்சவங்க கைக்கு எவ்வளவு போகுது?

நியாய வணிகம், அதாவது செஞ்சவங்களுக்கு நியாயமான காசு போய்ச் சேர்ற மாதிரி வாங்குறது விக்கிறது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்த கேள்விகள சேர்த்து ஒண்ணாக்கியிருக்கேன், பேரு போட வேண்டாம்னு பலபேர் சொன்னதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

ஜெர்மனில இருக்குற என் நாத்தனார் காபித்தூள் கொண்டு வந்தாங்க. பாக்கெட்ல ஃபேர்ட்ரேட்னு ஒரு முத்திரை இருந்துச்சு. அப்படின்னா என்ன அக்கா, நம்ம ஊர்ல கிடைக்குமா? (கோயம்புத்தூர் வாசகி)

கருப்பு பின்னணில நீலமும் பச்சையுமா ஒரு வட்டம் மாதிரி இருந்திருக்குமே, அதுதான். இந்த மாதிரி முத்திரை முதல்ல வந்தது 1988ல, நெதர்லாந்துல, மெக்சிகோ மலைல காபி போடுற சின்ன விவசாயிங்களோட காபிக்காக. அடுத்த வருஷமே உலக காபி ஒப்பந்தம் உடைஞ்சு விலை மளமளன்னு சரிஞ்சப்போ இந்த ஏற்பாடு எவ்வளவு அவசியம்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அப்புறம் நாடு நாடா பரவுச்சு.

விஷயம் என்னன்னா ரெண்டே ரெண்டு காசு கணக்கு. ஒண்ணு குறைந்தபட்ச விலை, அதாவது மார்க்கெட் எவ்வளவு கீழ போனாலும் அதுக்குக் குறைச்சு வாங்கக்கூடாது, மார்க்கெட் மேல போனா மார்க்கெட் விலையே குடுக்கணும். இன்னொண்ணு பிரீமியம், விலைக்கு மேல தனியா ஒரு தொகை, அது தனித்தனியா விவசாயி பாக்கெட்டுக்குப் போகாது, விவசாயிங்க சேர்ந்து வெச்சிருக்குற சங்கத்தோட பொதுக் கணக்குக்குப் போகும், அத வெச்சு கிணறு தோண்டுறதா, காபி காய வைக்கிற களம் போடுறதா, பிள்ளைங்க படிப்புக்கு குடுக்குறதான்னு அவங்களே கூடி ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. எஸ்டேட்டா இருந்தா தொழிலாளர் கமிட்டி முடிவு பண்ணும்.

இது ஏதோ வெளிநாட்டுக்காரங்க யோசனைன்னு நினைக்காதீங்க. நீலகிரில சிறு தேயிலை விவசாயிங்க பச்சைத் தேயிலைக்கு குறைந்தபட்ச ஆதார விலை வேணும்னு எத்தனையோ வருஷமா உண்ணாவிரதம் இருக்காங்க, ஊர்வலம் போறாங்க, பறிக்கிற கூலிக்கே பத்தாத விலைக்கு இலைய போட வேண்டியிருக்குன்னு சொல்றாங்க. அவங்க கேக்குறதும் இதே முதல் கணக்கத்தான்.

ஆனா இந்த முத்திரைக்கும் எல்லை இருக்கு, அதையும் சொல்லணும். சான்றிதழ் வாங்குறதுக்கும் ஆடிட்டுக்கும் உற்பத்தி பண்றவங்களே காசு கட்டணும், ரொம்ப சின்ன குழுவால அது முடியாது. அது மட்டும் இல்ல, ஒரு சங்கம் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் அவங்க விளைச்சல் முழுசும் அந்த விலைக்குப் போகுறது இல்ல, முத்திரையோட எவ்வளவு விக்குதோ அதுக்கு மட்டும்தான் பிரீமியம். நம்ம நாட்டுல 2013ல ஃபேர்ட்ரேட் இந்தியான்னு தொடங்கி உள்ளூர்லயே விக்க முயற்சி பண்ணினாங்க, இருந்தாலும் நம்ம ஊர் மளிகைக்கடைல அந்த முத்திரைய தேடுனா அனேகமா வெறுங்கையோடதான் திரும்பணும், நம்ம நாட்டு முத்திரைச் சரக்குல பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போகுது.

இன்னொரு வகை இருக்கு, டபிள்யூ.எஃப்.டி.ஓ.ன்னு, உலக நியாய வணிக அமைப்பு. இது காபி, தேயிலைன்னு பொருளுக்கு முத்திரை குத்துறது இல்ல, அந்த அமைப்பே ஒழுங்கா நடக்குதான்னு பாக்குறது. கைவினைப் பொருள் விக்கிறவங்களுக்கு இதுதான் பொருந்தும். கோத்தகிரில இருக்குற லாஸ்ட் ஃபாரஸ்ட் அந்த வழில வந்தவங்க, குறும்பர், இருளர் மாதிரி மலைவாசி மக்கள் எடுக்குற தேன், தேன்மெழுகு சோப்பு, மிளகு எல்லாம் அவங்க கடைல கிடைக்கும். நீங்க கோயம்புத்தூர்தானே, அடுத்த தடவ மலைக்குப் போகும்போது பாருங்க.

பொண்ணு கல்யாணத்துக்கு பட்டுப்புடவை எடுக்கணும். கைத்தறின்னு சொல்லித்தான் எல்லா கடைலயும் விக்கிறாங்க. நெஜமாவே கைத்தறியான்னும் நெய்தவங்களுக்கு ஒழுங்கா காசு போச்சான்னும் எப்படி தெரிஞ்சுக்கிறது? (திருச்சி வாசகி)

வாழ்த்துகள் முதல்ல. இது ரெண்டு கேள்வி, ரெண்டையும் நாம ஒண்ணாவே போட்டுக் குழப்பிக்கிறோம், கடைக்காரங்களுக்கும் அது வசதியா போயிடுது.

சில்க் மார்க் இருந்தா அது சுத்தப் பட்டுன்னு மட்டும்தான் அர்த்தம், பவர்லூம்ல, அதாவது விசைத்தறில ஓடின பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறிக்கு தனி முத்திரை, ஹேண்ட்லூம் மார்க்னு 2006ல வந்தது, அப்புறம் 2015ல இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டுன்னு தரத்தையும் சேர்த்துப் பாக்குற ஒண்ணு வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடு வேற இருக்கு. இதெல்லாம் இருக்கான்னு கேளுங்க. கரையோரத்துல ஊசி ஓட்டை இருந்தா கைத்தறின்னு ஒரு பேச்சு ஓடுது, அத நம்பாதீங்க, பவர்லூம்லயும் துணிய இழுத்துப் பிடிக்கிற கருவி உண்டு, அதுவும் தடம் விடும். 1985லயே ஒரு சட்டம் போட்டு சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம்னு 11 வகைல குறிப்பிட்ட மாதிரி நெசவ எல்லாம் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கியிருக்காங்க. அப்படியும் பவானி ஜமக்காளம்னு பேரு சொல்லி சோலாப்பூர் பவர்லூம் சரக்கு நம்ம ஊர் கடைலயே விக்குது, பவானில தறி ஓடாம நின்னு போறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரு கோர்வை பட்டுப்புடவைக்கு, அதாவது உடலும் கரையும் வேற வேற கலர்ல வெச்சு கோர்த்து நெய்யுற புடவைக்கு, தறில ஒருத்தர் உக்காந்தா பத்தாது, பக்கத்துல கை குடுக்க இன்னொரு ஆள் வேணும். டிசைனப் பொறுத்து பத்து பதினஞ்சு நாள் கூட ஆகும். அதுக்கு முன்னாடி பாவு (நீளவாக்குல போற நூல்) ஓடணும், பாவு பிணைக்கணும், தார் (குறுக்க போற நூல சுத்துற குழல்) சுத்தணும், இந்த தார் சுத்துற வேலைய வீட்டுப் பொம்பளைங்களும் வயசானவங்களும்தான் செய்வாங்க. ஆனா கூலின்னு வர்றது புடவைக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை. அந்தத் தொகைய எத்தனை ஆளு, எத்தனை நாளுன்னு வகுத்துப் பாத்தா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு என்ன வருதுன்னு தெரியும், நானூறு ரூபாய்க்கு கீழ வந்தா அந்த வீட்டுப் பையன் ஏன் தறிய விட்டுட்டு கம்பெனி வேலைக்கு ஓடுறான்னு வேற யாரும் விளக்க வேண்டாம்.

நெசவாளர்ல கூட்டுறவு சங்கத்துக்கு நெய்யுறவங்க இருக்காங்க, தனியார் மாஸ்டர் வீவருக்கு, அதாவது நூல் குடுத்து நெய்ய வெச்சு புடவைய வாங்கிக்கிறவருக்கு, கூலிக்கு நெய்யுறவங்க இருக்காங்க. நல்லபடியா நடத்துற மாஸ்டர் வீவர் நிச்சயமா உண்டு, ஆனா பல இடத்துல கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு முன்பணம் வாங்கி அது அடைபடாம அவருக்கே வருஷக்கணக்கா நெய்யுற நிலைமை. சங்கத்துல கூலி நிர்ணயம் பண்ணி வங்கிக் கணக்குல போடுறாங்க. அதனால நான் முதல்ல சொல்றது காஞ்சிபுரம், ஆரணி, கும்பகோணம் பக்கம் இருக்குற சங்க விற்பனை நிலையம், இல்லன்னா 1935ல இருந்து இருக்குற கோ-ஆப்டெக்ஸ். அங்க சில புடவைல நெய்தவர் போட்டோவும் பேரும் போட்ட அட்டை கூட இருக்கும்.

தீபாவளித் தள்ளுபடில வாங்குனா நெசவாளிக்கு நஷ்டமான்னு ஒருத்தங்க தனியா கேட்டிருந்தாங்க. அந்தத் தள்ளுபடிக்கு அரசாங்கம் மானியம் குடுக்குது, கூலில கை வைக்கிறது இல்ல. ஆனா எல்லாரும் அந்த ஒரு மாசத்துல மட்டும் வாங்குனா மத்த மாசம் சங்கத்துல சரக்கு தேங்கிடும், சரக்கு தேங்குனா புதுசா பாவு குடுக்க மாட்டாங்க, பாவு இல்லன்னா தறி ஓடாது, தறி ஓடாத நாளைக்கு கூலி கிடையாது. உங்க பொண்ணு கல்யாணம் எப்போன்னு எழுதல, தை மாசமா இருந்தா ஆடி ஆவணிலயே போய் எடுத்துடுங்க, டிசைனும் நல்லா கிடைக்கும், அவங்களுக்கும் அந்த நேரத்துல வர்ற பணம் பெரிய உதவி.

ஆர்கானிக்னு போட்டிருந்தா அது நியாயமா செஞ்ச பொருள்தானே? (சேலம் வாசகர்)

இல்லைங்க. ஜைவிக் பாரத் முத்திரை, விவசாயிங்களே ஒருத்தர ஒருத்தர் சரிபாத்துக் குடுக்குற பி.ஜி.எஸ். சான்று எல்லாம் விஷமருந்து, ரசாயன உரம் போடாம விளைஞ்சதான்னு பாக்குறது. களை எடுத்த அம்மாவுக்கு என்ன கூலி குடுத்தாங்கன்னு அதுல வராது. துணில மட்டும் ஜி.ஓ.டி.எஸ்.னு ஒரு சான்று இருக்கு, இயற்கைப் பருத்தி, சாயம் இதோட சேர்த்து தொழிலாளர் நிலைமைக்கும் அதுல விதிகள் உண்டு. ரெண்டும் ஒண்ணா நடக்குற இடமும் இருக்கு, தர்மபுரி சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்லிங்கின்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க விவசாயிங்களே சங்கமா சேர்ந்து இயற்கை முறைல விளைவிச்சு சிறுதானியம், மஞ்சள்னு விக்கிறாங்க, அதே ஊர்ல லம்பாடிப் பெண்கள் போர்கைன்னு ஒரு அமைப்பு வெச்சு அவங்க பாட்டி காலத்து எம்பிராய்டரிய திரும்பக் கத்துக்கிட்டு துணில போட்டு விக்கிறாங்க. கையில எடுத்துப் பாத்தா விட மனசு வராது.

என் அக்கா மக மில்லுல வேலை பாக்குறா. அவ படுற கஷ்டத்த பாத்தப்புறம் ரோட்டோரம் 150 ரூபா டி-ஷர்ட் வாங்கவே கை கூசுது. வாங்காம இருந்தா அவளுக்கு நல்லதா? (திண்டுக்கல் பக்கம் ஒரு வாசகர்)

உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். நேரா சொல்றேன், நீங்க வாங்காம இருக்குறதால மட்டும் அவளுக்கு எதுவும் மாறாது தம்பி. ஆர்டர் கொறஞ்சா முதல்ல வேலை போறது அவளுக்குத்தான்.

சுமங்கலித் திட்டம்னு நம்ம பக்கம் மில்லுங்கள்ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா கடைசில கல்யாணத்துக்குன்னு 30,000, 50,000னு மொத்தமா குடுப்போம்னு சொல்லி தென் மாவட்டத்துல இருந்து ஏழை வீட்டுப் பொண்ணுங்கள கூட்டிட்டு வந்தாங்க, நடுவுல உடம்புக்கு முடியாம வீட்டுக்குப் போனா அந்தப் பணம் கிடையாது. அது அவ கூலில இருந்து பிடிச்சு வெச்ச பணம். சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் வெளில கொண்டு வந்து, வெளிநாட்டு பிராண்டுங்க மேல அழுத்தம் வந்தப்புறம்தான் அந்தப் பேரு மறைய ஆரம்பிச்சது. பேரு போனாலும் அந்தப் பழக்கம் எல்லா இடத்துலயும் போயிடுச்சுன்னு சொல்ல முடியாது.

மாத்தம் எதுல வந்ததுன்னா உங்க மாவட்டத்துப் பேர்லயே ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. 2021 ஜனவரில ஒரு கார்மெண்ட் ஃபேக்டரில வேலை பாத்த தலித் பொண்ணு கொலை செய்யப்பட்டா, சூப்பர்வைசர் ஒருத்தர கைது பண்ணாங்க. அதுக்கப்புறம் பெண்கள் நடத்துற டி.டி.சி.யூ.ங்கிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாம போராடி, 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு போட வெச்சாங்க. பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு இதப் பத்தி புகார் குடுக்கலாம், ஃபேக்டரிக்குள்ளயே பயிற்சி எடுத்த தொழிலாளிங்க கண்காணிப்பாங்க, கம்பெனி மீறினா வாங்குற பிராண்டு கையக் கட்டிட்டு இருக்க முடியாது, அவங்களும் சட்டப்படி கட்டுப்பட்டவங்கன்னு அதுல எழுதியிருந்துச்சு. ஆடிட் சான்றிதழ் எத்தனையோ இருந்தும் நடக்காதது சங்கம் இருந்ததால நடந்துச்சு, அதனால உங்க அக்கா மகள்கிட்ட அங்க சங்கம் இருக்கா, பாலியல் தொல்லை புகார விசாரிக்கிற உள் புகார் கமிட்டில யாரு யாருன்னு அவளுக்குத் தெரியுமான்னு கேளுங்க, பி.எஃப். நம்பர், இ.எஸ்.ஐ. கார்டு அவ கைல இருக்கான்னு பாருங்க. டி-ஷர்ட் விஷயத்துல நாம செய்யக்கூடியது கம்மியா வாங்குறது, வாங்குனத ரொம்ப நாள் போடுறது, பெரிய பிராண்டு கடைல வாங்குனா அவங்க ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கத்துல போய் இத எந்த ஃபேக்டரில தெச்சீங்கன்னு வெளிப்படையா கேக்குறது.

கடைக்குள்ளயே ஒரு தொழிலாளி நம்ம முன்னாடி நிக்கிறாங்களே, அவங்களையும் மறந்துடக்கூடாது. ஜவுளிக்கடைல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே துணி எடுத்துக் காட்டுற பொண்ணுங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத் திருத்தமே வந்தாச்சு. கடைக்குள்ள ஸ்டூல் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மேனேஜர்கிட்ட கேளுங்க, அந்தப் பொண்ண மாட்டி விடாம பொதுவா கேளுங்க. அஞ்சாறு கஸ்டமர் கேட்டாலே காதுல விழும்.

கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசுறது தப்பா? எங்க வீட்டுல இதுக்கே சண்டை. (மதுரை வாசகி)

பேரம் நம்ம சந்தை வழக்கம், பேசுறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். யாருகிட்ட எவ்வளவு பேசுறோம்னு பாருங்க. தள்ளுவண்டில விக்கிறவங்க பலபேர் காலைல 900 ரூபா கடன் வாங்கி சாயங்காலம் 1,000மா திருப்பிக் குடுக்குறவங்க, விக்காத கீரை வாடிப்போனா அந்த நஷ்டமும் அவங்களோடதுதான். அங்க அஞ்சு ரூபா குறைக்கிறத விட்டுடுங்க. மால்ல பில்லு போட்டா நாம பேசாம கட்டுறோம் இல்லையா.

மதுரைக்காரங்க நீங்க, உங்க ஊர் அண்ணா நகர்லதான் 1999 நவம்பர் 14ல முதல் உழவர் சந்தை ஆரம்பிச்சது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, மொத்த விலைக்கு மேல சில்லறை விலைக்குக் கீழ தினமும் விலை நிர்ணயம் பண்ணி போர்டுல எழுதிப் போட்டுடுவாங்க, நடுவுல யாரும் இல்ல. பேரமே வேண்டாம், சண்டையும் முடிஞ்சது. காலைல சீக்கிரம் போகணும், அது ஒண்ணுதான்.

இதெல்லாம் காசு இருக்குறவங்களுக்குத்தானே? எங்க வீட்டு வருமானம் மாசம் 22,000. (விருதுநகர் வாசகி)

உங்க கோபம் நியாயம்தான். சென்னைல சில கடைங்கள்ல ஒரு காட்டன் சட்டை விலைய பாத்தா எனக்கும் மலைப்பா இருக்கும், அந்தத் துணிக்கு அந்த விலை சரிதான், கைல நூத்து கைல நெய்து இயற்கைச் சாயம் போட்டா அவ்வளவு ஆகத்தான் செய்யும், ஆனா எல்லா வீட்டாலயும் வாங்க முடியாது.

எப்படியும் வாங்கத்தானே போறோம், அந்த சாமான்ல இருந்து பாருங்க. வீட்டுக்குத் துண்டு, லுங்கி, போர்வை வாங்கணும்னா கோ-ஆப்டெக்ஸ், கதர் விக்கிற சர்வோதய சங்கம் கடை, அங்க விலை ஒண்ணும் எட்டாத உயரம் இல்ல, துண்டு வெளுக்க வெளுக்க நல்லா தண்ணி உறிஞ்சும். தேயிலைக்கு ஊட்டி டீ, ரேஷன் கடைலயே கிடைக்கும், நீலகிரில 15க்கும் மேற்பட்ட கூட்டுறவு தொழிற்சாலைங்க சேர்ந்த இண்ட்கோசர்வோட டீ, சிறு விவசாயிங்கதான் அதுல உறுப்பினர். அரசாங்கத் தேயிலை நிறுவனமான டான்டீயோட டீயும் வாங்கலாம், இலங்கைல இருந்து திரும்பி வந்த மலையகத் தமிழருக்கு வாழ்வு குடுக்கன்னே 1968ல தொடங்குனது, அந்தக் குடும்பங்க இன்னும் அங்க இலை பறிக்கிறாங்க. பால் ஆவின் வாங்குறீங்கன்னா அதுவே கூட்டுறவு. மசாலாப் பொடி, ஊறுகா, அப்பளத்துக்கு மாவட்டத் தலைநகர்ல பூமாலை வணிக வளாகம் இருக்கும், மகளிர் சுய உதவிக் குழு சரக்கு. இதுக்கு மேல எதுவும் செய்யணும்னு உங்கள நீங்களே வருத்திக்காதீங்க, உங்க வருமானத்துல இவ்வளவு செய்யுறது பெரிய விஷயம்.

நேரடியா நெசவாளர்கிட்ட இருந்துன்னு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விக்கிறாங்களே, நம்பலாமா? (பெங்களூரு தமிழ் வாசகி)

சிலபேர் உண்மையா உழைக்கிறாங்க. மெசேஜ்ல கேளுங்க, எந்த ஊரு, எத்தனை தறி, கூலி எப்படி குடுக்குறீங்க, விக்காத சரக்க நெசவாளிக்கே திருப்பி அனுப்புவீங்களான்னு. கடைசிக் கேள்விதான் ஆள காட்டிக் குடுக்கும். நேரா வேலை பாக்குறவங்க சந்தோஷமா நீளமா பதில் சொல்வாங்க. பட்டு ரகம் கைத்தறின்னு சொல்லி 1,200 ரூபாய்க்கு விக்கிறாங்கன்னா பட்டு நூல் விலையே அதுல அடங்காது, விட்டுடுங்க.

நவராத்திரி கொலுவுக்கு வர்றவங்களுக்கு வருஷா வருஷம் பிளாஸ்டிக் டப்பாதான் குடுக்குறோம். வேற என்ன குடுக்கலாம்? நாப்பது பேர் வருவாங்க. (மயிலாப்பூர் வாசகி)

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. தூத்துக்குடி பக்கம் மணப்பாட்டுல பெண்கள் முடையுற பனை ஓலைப் பெட்டி, செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், பத்தமடைக் கோரைல செஞ்ச சின்ன விரிப்பு, எதுவா இருந்தாலும் வெத்தலை பாக்கு மஞ்சள் குங்குமம் வெச்சுக் குடுக்க அழகா இருக்கும், வாங்கிட்டுப் போறவங்களும் தூக்கிப் போட மாட்டாங்க. பொம்மை புதுசா வாங்குறதா இருந்தா மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரி, இல்ல பண்ருட்டி, காஞ்சிபுரம்னு செய்யுற குடும்பத்துக்கிட்டயே வாங்கலாம்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, கைல முடையுறது, ஓலை பதமா காயணும், சாயம் ஏத்தணும், அதுக்கு நாள் வேணும். நவராத்திரிக்கு பத்து நாள் முன்னாடி போன் பண்ணி நாப்பது பெட்டின்னா ராத்திரி பகலா முடைய வேண்டியிருக்கும், இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுவாங்க. ஆனி ஆடிலயே ஆர்டர் குடுங்க, அளவும் கலரும் தெளிவா சொல்லுங்க, பாதிப் பணத்த அப்பவே அனுப்பிடுங்க, கேட்டா பாதிக்குக் குறையாம வட்டி இல்லாம முன்பணம் குடுக்கணும்னு அந்த உலக நியாய வணிக அமைப்போட விதிலயே இருக்கு. ஓலை வாங்க அவங்க கடன் வாங்க வேண்டியிருக்காது. ரெண்டு பெட்டி கொஞ்சம் முன்னப்பின்ன அளவுல வந்தா அதையும் எடுத்துக்கோங்க, மீதிப் பணத்த பெட்டி வந்து சேர்ந்த அன்னைக்கே அனுப்பிடுங்க.